இரண்டாவது போண்டா

ஜூன் 2, திங்கள்

பேப்பர் கம்பெனிக்காரர் கொடுத்த போன வருடத்து டைரி இது. கிழமைகளை அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. யாரிடமும் சொல்ல முடியாததை எங்காவது கொட்டித்தானே ஆகவேண்டும்? வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

இன்று விஸ்வநாதன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். "கலாமணி, மரகதம் சாம்பார்ப் பொடி பாக்கெட்ட மாத்தறாங்க. சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள போகப் போறாங்களாமா. புதுசா டிசைன் வேணும்னு சென்னியப்பன் வந்து நிக்கறாரு."

நான் சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தேன்.

"மெர்லின் பண்ணட்டும். நீங்க கூட இருந்து பாத்துக்கங்க."

கூட இருந்து பார்த்துக்கொள்ள நான் என்ன மணப்பெண் தோழியா?

மரகதம் பாக்கெட் என்னுடையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், சென்னியப்பன் பெருந்துறையில் ஒற்றை அரவை மில்லை வைத்துக்கொண்டு எங்கள் டிசைன் ஆபீசுக்கு வந்து நின்றபோது நான் வரைந்து கொடுத்தது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை, கரண்டியால் சாம்பாரைக் கிளறுகிறது. அவ்வளவுதான் படம். ஈரோடு, திருப்பூர் பக்கம் மளிகைக் கடைகளில் யாரும் 'மரகதம்' என்று பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "கை பாக்கெட் ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். அதுவும் இரண்டே நிறத்தில் செய்தது, சிவப்பும் பச்சையும். பாக்கெட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இரும்பு உருளை செதுக்க வேண்டும், சிலிண்டர் என்போம். ஒவ்வொன்றும் யானை விலை. படம், பெயர், பொடி எழுத்து, கோடு, கட்டம் எல்லாவற்றையும் அந்த இரண்டு நிறத்துக்குள்ளேயே அடக்கி, கறுப்பு சிலிண்டரே வேண்டாம் என்று மிச்சம் பிடித்துக் கொடுத்தேன். சென்னியப்பன் அன்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்று வரும்போது, "எங்கீங்க அந்தத் தூத்துக்குடிப் புள்ள?" என்று மெர்லினைக் கேட்டுக்கொண்டே நுழைந்தாராம்.

ஜூன் 5, வியாழன்

மெர்லினைப் பற்றி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. பொங்கலுக்குப் பிறகு சேர்ந்தவள். அதற்கு முன் பெங்களூரில் இருந்தாள். நாங்கள் ஐந்து பேர் இருக்கும் ஆபீசில் அவள் சிரித்தால் கீழே பேக்கரி வரை கேட்கும். டப்பாவில் மீன் கொண்டுவந்து எல்லோருக்கும் பங்கு வைப்பாள், சாப்பிடாத என்னிடமும் நீட்டுவாள். கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுப்பாள். இதெல்லாம் பெரிய குற்றம் இல்லை. ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது.

எனக்குப் பொறாமை என்று ஆபீசில் அன்வர் அரசல்புரசலாகச் சொன்னானாம். பொறாமைப்பட அவளிடம் என்ன இருக்கிறது?

தோசைமாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்.

ஜூன் 13, வெள்ளி

இன்று எனக்கு ஒரு போண்டா. அன்வர் செய்த சோப்பு அட்டையின் ப்ரூஃபில், மடிப்புக்குள் போகிற இடத்தில் விலையைப் போட்டிருந்தான். பார்த்த உடனே பிடித்தேன்.

இது எங்கள் ஆபீஸ் சட்டம். சிலிண்டர் செதுக்கப் போவதற்கு முன் மாதிரித்தாளை நடு மேசையில் விரித்து வைப்போம். எல்லோரும் சுற்றி நின்று அதில் குற்றம் தேடுவோம். யார் வேலையில் தப்பு இருக்கிறதோ அவர், கண்டுபிடித்தவருக்குக் கீழே பேக்கரியில் போண்டா வாங்கித் தரவேண்டும். ஒரு தப்புக்கு ஒரு போண்டா. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தாள் சுத்தம் என்று அர்த்தம், நேராக சிலிண்டருக்குப் போய்விடும். சிலிண்டர் செதுக்கியபின் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

இந்த ஆபீசில் அதிகம் போண்டா தின்றவள் நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது. வீட்டில் இவர், "உனக்கு வந்த கொலஸ்ட்ரால் எல்லாம் ஊர்க்காரங்க தப்புலதான் வந்துது" என்பார்.

ஜூன் 20, வெள்ளி

மெர்லின் மத்தியானம் என் மேசைக்கு வந்தாள். கையில் பழைய மரகதம் பாக்கெட்.

"அக்கா, ஒங்க வலது கையக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்களேன்."

காட்டினேன். பாக்கெட்டையும் என் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். "நெனச்சேன்! இந்தச் சுண்டுவிரல் வளைவு ஒங்களுதுதான். இது ஒங்க கைதானக்கா?"

ஆமாம், என் கைதான். அன்றைக்கு மாடலுக்கு ஆள் இல்லை. இடது கையால் என் வலது கையைப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தேன். இத்தனை வருடத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை. அந்தப் பொடியில் தினம் சாம்பார் சாப்பிடுகிற என் வீட்டுக்காரரும் கண்டுபிடித்ததில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறவளை எப்படிப் பிடிக்கும்? "வேலையப் பாரு கண்ணு" என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

டிசைனைக் காட்டினாள்.

கையை எடுத்துவிடுவாள், எடுத்தால் அதையே குற்றமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. இன்னும் பெரிதாக்கியிருக்கிறாள். சந்தன நிறத்தில் பாக்கெட், அதன் குறுக்கே என் கை. வளையல்கள் பாக்கெட்டின் ஓரத்தைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு ஓடுகின்றன. ஒரே ஒரு பாக்கெட்டாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரேக்கில் வரிசையாக வைத்தால், ஒரு பாக்கெட்டின் வளையல் அடுத்த பாக்கெட்டின் கையில் போய்ச் சேருகிறது. விசேஷ வீட்டுக் கொல்லைப்புறத்தில் பெண்கள் வரிசையாக நின்று சமைப்பது போல ஒரு ரேக் முழுக்கக் கைகள்.

சென்னியப்பன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். "அம்மிணி, சும்மா சொல்லப்படாதுங்க. எங்கம்மா மரகதம் இருந்து பாத்திருக்கோணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எனக்கு வெறும் கும்பிடுதான் கிடைத்தது. இவளுக்குக் கண்ணீர்.

எனக்கு வயிறு எரிந்தது. டைரியில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? கை என்னுடையது, யோசனை அவளுடையது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை? நானும் எத்தனை கடையில் எத்தனை ரேக்கைப் பார்த்திருக்கிறேன்.

"எப்படி இருக்கு கலாமணி?" என்றார் சார்.

"நல்லாருக்குங்க சார். எழுத்துதான் கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றேன். எழுத்து சரியான அளவில்தான் இருந்தது.

ஜூலை 2, புதன்

வீட்டுக்காரரிடம் போனில் அந்த டிசைனைக் காட்டினேன். "அட, இது யாரு பண்ணுனது? சூப்பரா இருக்குதே" என்றார். சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவரும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஜூலை 11, வெள்ளி

இன்று மரகதம் ப்ரூஃப் நடு மேசைக்கு வந்தது.

எல்லோரும் சுற்றி நின்றோம். சைவப் பொருளுக்குப் போடும் பச்சைப் புள்ளி விட்டுப்போனதை அன்வர் பிடித்தான். மெர்லின் கைதட்டி, "ஒரு போண்டா அன்வருக்கு!" என்றாள். தோற்றாலும் சிரிக்கிறாள்.

நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். பார்கோடு. சந்தன நிறத் தரையில் சிவப்புக் கோடுகள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் கருவி சிவப்பு வெளிச்சத்தில்தான் கோடுகளைப் பார்க்கும். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு காணாமல் போய்விடும். அந்தக் கருவிக்கு அது வெறும் தாள். நான்கைந்து வருடத்துக்கு முன் திருப்பூர் பனியன் பெட்டி ஒன்று இப்படித்தான் துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்தது, அப்போது தெரிந்துகொண்டேன். அழகுக்காகப் பார்கோடையும் சிவப்பாக்கியிருக்கிறாள் மகராசி. பெங்களூரில் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை போல.

மெர்லின் தன் போனை அந்தக் கோட்டின் மேல் பிடித்தாள். எண் வந்தது. "வாசிச்சிட்டு, பாத்தீங்கல்லா?" என்றாள். போன் நம் கண் மாதிரி, எல்லா நிறத்தையும் பார்க்கும். பில் கருவி அப்படி இல்லை.

"கலாக்கா, ஒங்களுக்கு ஏதும் தட்டுப்படுதா?"

"நான் என்னத்தக் கண்டேன் கண்ணு" என்றேன்.

போண்டா வேண்டாம் என்று முதல் தடவையாக நினைத்தேன். எண்ணெய்ப் பண்டம், உடம்புக்கும் ஆகாது.

ஜூலை 13, ஞாயிறு

துணி ஊறவைத்தேன். பரணை ஒழித்தேன். இரண்டு பித்தளைக் குடம் கிடைத்தது.

என்னிடம் யாராவது நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. சரிபார்ப்பது என் வேலையும் இல்லை. சிலிண்டர்காரர்கள் பார்க்கமாட்டார்களா? அச்சடிக்கிறவர் பார்க்கமாட்டாரா? ஊருக்கெல்லாம் நானே ஏன் காவல் நிற்கவேண்டும்?

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் எதையும் தொடங்கமாட்டேன் என்று சென்னியப்பன் பிடிவாதமாக இருந்ததால், இன்று மத்தியானமே கோப்பு சிலிண்டருக்குப் போய்விட்டது. ஆவணி பிறந்த மறுநாள் கடைக்கு வருகிறதாம். கோப்பை அனுப்புமுன் மெர்லின் என் பக்கம் திரும்பி, "அனுப்பட்டுமாக்கா?" என்றாள். நான் போனில் யாருடனோ பேசுவதுபோல் தலையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. பவானி கூடுதுறைக்குப் போனோம். கூட்டம் தாங்கவில்லை. சித்ரான்னம் கட்டிக்கொண்டு போனேன், புளிசாதத்தை எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

பாக்கெட்டை இன்னும் அச்சுக்கு ஏற்றவில்லையாம். சிலிண்டர் வீணானாலும், இன்று சொன்னால்கூட அச்சைத் தடுத்துவிடலாம். ஒரு போன் போதும். ஆற்றில் பூவை விடும்போது ஒருமுறை நினைத்தேன். அப்புறம் இவர் செருப்பைத் தொலைத்துவிட்டார், அதைத் தேடுவதில் பொழுது போய்விட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆர்.எஸ். புரத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். எங்கள் ஆபீஸ் முழுக்கப் போனோம். சென்னியப்பன் பட்டு வேட்டியில் வந்திருந்தார், கையில் தேங்காய் பழத் தட்டு.

ரேக்கில் அடுக்கியிருந்ததைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்துபோனேன். ஒரு சுவர் நீளத்துக்கு என் கைகள். வளையல் வளையலாகக் கோர்த்துக்கொண்டு நின்றன. ஒரு சின்னப் பெண் குழந்தை ஒவ்வொரு வளையலாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போயிற்று. இதை நான் செய்திருக்கக்கூடாதா!

முதல் பாக்கெட்டைச் சென்னியப்பனே எடுத்துக்கொண்டுபோய்ப் பில் போடக் கொடுத்தார். பில் போடும் பெண் கருவியைக் காட்டினாள். சத்தமே இல்லை. திருப்பிக் காட்டினாள், துடைத்துக் காட்டினாள். "வேற பாக்கெட் குடுங்க சார்." அதுவும் அப்படித்தான். பக்கத்துக் கவுன்டரிலும் அப்படித்தான். மேனேஜர் வந்தார். "ஸ்கேன் ஆகலைன்னா நாங்க வைக்க முடியாதுங்க சார், ரேக்க காலி பண்ணிக்கங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சென்னியப்பன் தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மெர்லின் சிரிப்பில்லாமல் நின்றதை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது நான் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. கொஞ்சம் இனித்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சார் அறையில் கூட்டம். சென்னியப்பன் கத்தவில்லை, அதுதான் மோசம். "நாலு கடையில பேசி வெச்சிருந்தனுங்க. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டார்.

"சிவப்புல பார்கோடு போடலாமா? யாரு போட்டது?" சாருக்கு மூக்கு சிவந்திருந்தது.

"நான்தான் சார். போன்ல வாசிச்சதும் போதும்னு நெனச்சிட்டேன். கடை மிஷின்ல வெச்சுப் பாத்திருக்கணும். எந் தப்புதான்" என்றாள் மெர்லின். அவ்வளவுதான் சொன்னாள். வேறு யார் பெயரையும் இழுக்கவில்லை. அன்வர் பார்த்தானே, கலாக்கா பார்த்தார்களே என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போதைக்கு இருக்கிற பாக்கெட்டில் கறுப்புப் பார்கோடு அடித்த வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அடுத்த அச்சுக்குப் புது சிலிண்டர். "மரகதத்த இனிமேல் கலாமணியே பாக்கட்டும்" என்றார் சார். சென்னியப்பன் என் பக்கம் திரும்பி, "பழைய ஆளு பழைய ஆளுதானுங்க. உங்க பாக்கெட்டுல பன்னண்டு வருசமா ஒரு கொறை வந்ததில்லீங்களே" என்றார்.

கிடைத்துவிட்டது. என் பாக்கெட் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. வரும் வழியில் இவருக்குப் பிடித்த மைசூர்பா வாங்கினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் சாம்பார் வைக்கும்போது டப்பாவில் பொடி தீர்ந்திருந்தது. அலமாரியில் மரகதம் பழைய பாக்கெட் ஒன்று இருந்தது. வழக்கம்போல் கத்தரியால் மேலே வெட்டி, டப்பாவில் கொட்டி, காலி பாக்கெட்டைக் கசக்கப் போனேன். பின்பக்கம் மேலே இருந்தது.

பார்கோடு சிவப்பு.

அடுப்பை அணைத்துவிட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்பேதான். இருந்த இரண்டு நிறத்தில் பச்சையை விட்டுவிட்டுச் சிவப்பைப் போட்டிருக்கிறேன். கறுப்பு சிலிண்டர் வேண்டாம் என்று மிச்சம் பிடித்தவள் நான்தானே? அன்றைக்குப் பார்கோடு என்பது பாக்கெட்டுக்கு வைக்கிற பொட்டு மாதிரி. மளிகைக் கடையில் யார் அதை ஸ்கேன் பண்ணினார்கள்? அண்ணாச்சி மனக்கணக்குப் போட்டுத் தாளில் கிறுக்குவார். பன்னிரண்டு வருடம் ஒரு கருவியும் அதைப் பார்க்காததால்தான் ஒரு குறையும் வரவில்லை.

மெர்லின் அதை என் பாக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாள். என்னுடையது என்பதால்தான் சந்தேகப்படாமல் எடுத்திருக்கிறாள்.

அவளுக்கு இது தெரியும். நேற்று சார் அறையில் உட்கார்ந்திருந்தபோதும் தெரியும். "பழைய ஆளு பழைய ஆளுதானுங்க" என்று சென்னியப்பன் சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாள், நான் அதை ஏக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் டிசைனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், சிரிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இன்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். நானும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது வேறு, இது வேறு.

இவர் மைசூர்பாவை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தலைவலி என்று லீவு சொன்னேன். தலை வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெருந்துறையிலிருந்து வேனில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. நடு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சாரும் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒட்டினார். சென்னியப்பன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாக்கெட்டைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். மெர்லின் ஓரத்தில் இருந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. பாட்டு முணுமுணுக்கவில்லை.

நான் மாடி ஏறாமல் பேக்கரிக்குப் போனேன். போண்டா அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்திருந்தார்கள். இரண்டு வாங்கினேன். தாளில் சுற்றி, மேலே கொண்டுபோய், எல்லோருக்கும் நடுவில் மெர்லின் முன்னால் வைத்தேன்.

எல்லோர் கையும் நின்றது. போண்டா யார் யாருக்கு வாங்கித் தருவது என்பது இந்த ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

"என்ன கலாமணி இது?" என்றார் சார்.

"தப்பு பண்ணுனவங்க வாங்கித் தரணும்ல சார்."

"யாரு பண்ணுன தப்பு? எந்த ப்ரூஃபுல?"

கைப்பையிலிருந்து பழைய பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் தெரிய மேசையில் வைத்தேன். "பன்னண்டு வருசத்துக்கு முந்துன ப்ரூஃபுலீங்க சார். அந்தப் புள்ள என்னோடதப் பாத்துத்தான் போட்டிருக்குது."

சென்னியப்பன் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அட என்னுங்க இது" என்றார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரகதத்தை யார் பார்ப்பது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கப்போவதில்லை, அது இனி எனக்கு இல்லை என்று எனக்கே தெரியும்.

மெர்லின் தாளைப் பிரித்தாள். ஒரு போண்டாவை எடுத்துப் பிட்டு ஊதினாள். "சூடா இருக்குக்கா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆவி பட்டதாகவும் இருக்கலாம்.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் ஒட்ட ஆரம்பித்தேன். சிவப்புக் கோட்டின் மேல் வெள்ளைத்தாளை வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முன்பக்கம் திருப்பினால் என் கை. மறுபடி திருப்பினால் ஸ்டிக்கர். மற்றவர்கள் மெல்லப் பேச்சுக்குத் திரும்பினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெர்லின் சொன்னாள்: "அன்னைக்கு ப்ரூஃப்ல நீங்க ரொம்ப நேரம் இந்த எடத்தயே பாத்துட்டு நின்னீங்கல்லா."

நான் ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

"நீங்க பாத்தும் ஒண்ணும் சொல்லலன்னுதான் நான் தைரியமா அனுப்பினேன்."

தாளில் மிச்சமிருந்த போண்டாவை அவள் என் பக்கம் லேசாகத் தள்ளினாள். "ஒரு தப்புக்கு ஒண்ணுதான கணக்கு. இந்த ரெண்டாவது எதுக்குக்கா?"

நான் போண்டாவைத் திரும்ப அவள் பக்கமே தள்ளி வைத்தேன். அவள் அதை எடுத்துச் சாப்பிட்டாள்.